கல்லண்ணனின் கறுப்புக் கண்ணாடி

செத்தவருடைய மைத்துனர் அன்றைக்கு அதே வண்டியில் அடுத்த சவாரி போயிருக்க வேண்டியது. மயிரிழையில் தப்பினார்.

உச்சி வெயில். அமரர் ஊர்தி ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. உறவினர்கள் முன்னால் நடந்தார்கள். மைத்துனருக்குச் செருப்பு வார் அறுந்துவிட்டது. அதைச் சரிசெய்ய நடுரோட்டிலேயே குனிந்தார். வண்டி ஓட்டிய கல்லண்ணனுக்கு மைத்துனரும் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை. முன்கண்ணாடி முழுக்க வெள்ளைத் துணி ஒன்று விரிந்து கிடந்தது, அவ்வளவுதான். யாரோ "நிறுத்து!" என்று அலறினார்கள். பிரேக்கை மிதித்தார். பின்னால் பெட்டி ஒரு முழம் நகர்ந்து வந்து அவர் இருக்கையின் முதுகில் 'டொக்' என்று தட்டியது. "என்னப்பா அவசரம்?" என்று செத்தவரே கேட்டதுபோல இருந்தது.

குனிந்த மைத்துனர் நிமிரவே இல்லை. வண்டியின் முன்பம்பர் அவர் முதுகைத் தொட்டுக்கொண்டு நின்றது. அப்படியே உட்கார்ந்து, "என்னையும் ஏத்திக்கோடா பாவி!" என்று கதற ஆரம்பித்தார். அதுவரை ஒப்புக்கு அழுதவர்கள்கூட அப்போதுதான் மனம்விட்டு அழுதார்கள்.

கல்லண்ணன் கெட்ட டிரைவர் இல்லை. சொல்லப்போனால் அவரைப் போல வண்டி ஓட்ட ஆள் கிடையாது. முன்பு ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டினார். ரொட்டி சூடாகப் போய்ச் சேர வேண்டும் என்று ஆளாளுக்கு விரட்டுவார்கள். அமரர் ஊர்தியில் யாரும் விரட்டுவதில்லை. முக்கியமாக, ஏறிப் படுத்தவர் விரட்டுவதே இல்லை. அதனால் இந்த வேலை அவருக்குப் பிடித்துப்போனது. வேகத்தடை வந்தால் தூங்கும் குழந்தையைக் கை மாற்றுவதுபோல வண்டியை ஏற்றி இறக்குவார். பெட்டிமேல் வைத்த பூ ஒன்று நழுவியது கிடையாது.

ஆனால் அவருக்கு அழுகை வராது. அதுதான் அவர் பிறவிக் குறை. பிறந்தபோதே அழவில்லையாம். நர்ஸ் முதுகில் தட்டிய தட்டில் தும்மினாராம். பெற்ற தாய் போனபோதும் கண் ஈரமாகவில்லை. உள்ளே நெஞ்சு வெந்துகொண்டுதான் இருக்கும். அது கண்வரை ஏறி வராது. 'கல்லு' என்று பெயர் வைத்தார்கள். வயதானதும் மரியாதைக்கு 'அண்ணன்' சேர்ந்துகொண்டது.

சரி, வெள்ளைத் துணி எங்கிருந்து வந்தது? அது முதலாளியம்மாவின் கைவண்ணம். வண்டியின் டேஷ்போர்டு மொட்டையாக இருப்பது அவருக்குப் பிடிக்காது. ஓரத்தில் லேஸ் வைத்துத் தைத்த வெள்ளை சாட்டின் துணியை டேஷ்போர்டு முழுக்க விரித்து, நடுவில் வெள்ளைப் பூக்கொத்து வைப்பார். கம்பெனி விளம்பரத்தில் அதுதான் படம். பார்ப்பதற்கு என்னவோ சொர்க்கத்தின் வாசல் போலத்தான் இருக்கும். வெயில் ஏறினால் அந்தச் சொர்க்கம் முழுக்கச் சாய்ந்த முன்கண்ணாடியில் பிரதிபலித்து ரோட்டை மூடிவிடும். கண் கூசிக் கூசி, கல்லண்ணன் நினைவிலிருந்துதான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டார். பெட்டிகள் அடுக்கிய கூடத்தின் மூலையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவர் மேஜை.

"என்னய்யா கல்லு, ஒரு வீட்டுல ஒரு சாவு போதாதா உனக்கு?"

"துணி கண்ணாடியில அடிக்குதும்மா. ரோடே தெரியல. அந்தத் துணிய மட்டும் எடுத்துட்டா…"

"துணிய எடுக்கிறதா?" முதலாளியம்மா நெஞ்சில் கைவைத்தார். "அந்தத் துணிய என் கையால தைச்சேன்யா. அதப் பாத்துத்தான் நம்மகிட்ட ஜனம் வருது. உனக்குக் கண்ணு தெரியலைன்னா உன் கண்ண மாத்து. இன்னொரு தடவ இப்படி நடந்தா, சாவிய என் கையில வெச்சுட்டுப் போயிட்டே இரு."

சாவியைக் கொடுத்துவிட்டு எங்கே போவது? இந்த வயதில் மறுபடி ரொட்டிக்கா? அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதைப் பார்த்து மனைவி அழுதார். மனைவிக்கு அழுகை என்பது மூச்சு விடுவது மாதிரி. வெங்காயம் நறுக்காமலே வரும்.

"என் தம்பி கண்ணாடிக் கடையிலதானே இருக்கான், அவனப் போய்ப் பாருங்களேன்" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மச்சினன் கடையில் சுவர் முழுக்க மூக்குக் கண்ணாடிகள், கண் இல்லாத முகங்கள்போல வரிசையாக முறைத்துக்கொண்டிருந்தன. கல்லண்ணன் கதையைக் கேட்டதும் அவன் ஒரு கூலிங் கிளாஸை எடுத்து மெத்தென்ற துணியால் துடைத்தான்.

"மாமா, இது போலரைஸ்டு. சாதாக் கறுப்புக் கண்ணாடி எல்லாத்தையும் சேத்து இருட்டாக்கும். இது அப்படியில்ல. ரோடு, தண்ணி, கண்ணாடி, இந்த மாதிரி வழவழப்பான எடத்துல பட்டுத் தெறிச்சு வர்ற வெளிச்சத்த மட்டும் தனியாப் புடிச்சு நிறுத்திடும். கல்யாண வாசல்ல நிக்கிற மாமா மாதிரின்னு வெச்சுக்கோங்க. பத்திரிகை இல்லாதவன உள்ள விடாது."

"விலை?"

மச்சினன் சொன்னான். கல்லண்ணன் கையில் வாங்கிய கண்ணாடியை அந்த மெத்தென்ற துணியில் திரும்ப வைத்துவிட்டார், சுடுகிற கரண்டியை வைப்பதுபோல.

"மாப்ள, இந்த விலைக்கு நான் கண்ண மூடிக்கிட்டே ஓட்டிடுவேன்."

"இப்ப அதானே பண்றீங்க? அதனாலதானே இங்க வந்திருக்கீங்க?"

மச்சினன் அவரைக் கடைவாசலுக்குக் கூட்டிப்போய், வெயிலில் நின்ற ஒரு காரைக் காட்டினான். வெறும் கண்ணுக்குக் காரின் முன்கண்ணாடியில் வானம்தான் தெரிந்தது. கூலிங் கிளாஸைப் போட்டதும் வானம் காணாமல் போய், உள்ளே ஒரு பெரிய மனிதர் வாயைப் பிளந்து தூங்குவது பளிச்சென்று தெரிந்தது. கல்லண்ணன் கழற்றினார்: வானம். போட்டார்: பல்.

"ஆனா ஒண்ணு மாமா, குறையையும் சொல்லிடறேன், அப்புறம் அக்கா என்னக் கொல்லும். நேரா அடிக்கிற சூரியன இது அழிக்காது, கொஞ்சம் குறைக்கும். சாயங்காலம் இருட்ட ஆரம்பிச்சா கண்டிப்பாக் கழட்டிடணும். அப்புறம் உங்க புது வண்டியில வேகம் காட்ட சின்ன டிவி மாதிரி இருக்குல்ல? சில திரை இதுல பாத்தா கறுப்பாயிடும். அப்படியாச்சுன்னா தலையக் கொஞ்சம் சாச்சுப் பாருங்க, தெரியும்."

மறுநாள் உச்சி வெயிலில் ஊர்வலம். மனசில்லாமல் காசு கொடுத்து வாங்கிவந்த கண்ணாடியை மாட்டினார். அடடா! முன்கண்ணாடியிலிருந்து சாட்டின் துணியை யாரோ உருவி எடுத்துவிட்டார்கள். ரோடு கழுவிவிட்டதுபோலக் கிடந்தது. முன்னால் நடப்பவர்களின் குதிகால் வெடிப்புகூடத் தெரிந்தது. எதிரே நின்ற ஒரு காரின் பக்கக் கண்ணாடியில் மயில்கழுத்து நிறத்தில் திட்டுத்திட்டாக ஏதோ மின்னியது. இத்தனை நாளும் குருடனாக இருந்திருக்கிறோமே என்று நெஞ்சு விம்மியது. வழக்கம்போல, அது கண்வரை வரவில்லை.

வேகம் காட்டும் திரை மட்டும் அட்டைக்கறுப்பாகிவிட்டது. மச்சினன் சொன்னது சரி. ஊர்வலத்தில் வேகம் கூடினால் முன்னால் நடப்பவர்கள் ஓட வேண்டியிருக்கும். அதனால் கல்லண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுபவர். தலையை இடது தோள் பக்கம் சாய்த்தார். எண் மெல்ல மெல்ல உயிர்பெற்று வந்தது. கூடவே சாட்டின் துணியும் ஆவிபோலத் திரும்பி வந்தது. சட்டென்று நிமிர்ந்தார். துணி போயிற்று, எண்ணும் போயிற்று. ஆக, வழி நெடுக ஒரு சாய்ப்பு, ஒரு நிமிர்வு. ஒரு சாய்ப்பு, ஒரு நிமிர்வு.

மயான வாசலில் முதலாளியம்மா நின்றிருந்தார். கறுப்புக் கண்ணாடியோடு இறங்கிய கல்லண்ணனைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது.

"என்னய்யா இது? சாவு வண்டிக்கு மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கே! எடு சாவிய."

கல்லண்ணனின் கை சட்டைப்பைக்குப் போனது. அதற்குள் செத்தவரின் மகள் ஓடிவந்தாள். வந்தவள் கல்லண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா… நான் பின்னாடி கார்ல இருந்து பாத்துக்கிட்டே வந்தேன். எங்க சொந்தக்காரங்க யாரும் இப்படி அழலை. தோள் மேல தலைய சாச்சு சாச்சு… கண்ணீர் தெரியக்கூடாதுன்னு கறுப்புக் கண்ணாடி வேற… எங்கப்பாவ உங்களுக்குத் தெரியுமா?"

கல்லண்ணன் வாயைத் திறந்தார். முதலாளியம்மா அவர் பாதத்தின் மேல் தன் பாதத்தை வைத்து அழுத்தினார்.

"தெரியாதும்மா" என்றார் முதலாளியம்மா, குரலைத் தாழ்த்தி. "எங்க டிரைவர் அப்படித்தான். ஒவ்வொருத்தரையும் தன் சொந்தமா நெனைச்சுத்தான் வண்டியில ஏத்துவார்."

அன்றிலிருந்து கல்லண்ணனின் வாழ்க்கை தலைகீழானது. "அந்த அழுகிற டிரைவரை அனுப்புங்க" என்று கேட்டு ஆட்கள் வந்தார்கள். அவர் வேறு சவாரியில் இருந்தால், சாவைத் தள்ளிப்போட முடியாதே என்று வருந்தினார்கள். முதலாளியம்மா இன்னொரு வண்டியின் டிரைவருக்கும் நடைபாதையில் விற்கிற கறுப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அது வெறும் சாயம் பூசிய கண்ணாடி. ரோடும் இருட்டாகி, துணியும் இருட்டாகி, இரண்டும் சேர்ந்தே தெரிந்தன. அந்த டிரைவர் ஒரு மண்டப வாசலில் இருந்த பூந்தொட்டிகளை வரிசையாக இடித்துத் தள்ளி, உண்மையாகவே அழுதார். அந்த அழுகையை யாரும் பாராட்டவில்லை. "விலை குறைச்சலா வாங்கினா இப்படித்தான்" என்று கல்லண்ணன் நினைத்துக்கொண்டார். போலரைஸ்டுக்குக் கொடுத்த பணம் அப்போதுதான் மனதில் செரித்தது.

புகழோடு தொல்லையும் வந்தது. மரக்கடைக்காரர் ஒருவரைக் கொண்டுபோய் இறக்கிய அன்று, அவருடைய இரண்டு மகன்கள் கல்லண்ணனை வண்டிக்குப் பின்பக்கம் ஓரங்கட்டினார்கள். பெரியவன் நாலாபக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"உண்மையச் சொல்லுங்க. எங்கப்பாவுக்கு நீங்க யாரு?"

"டிரைவருங்க."

"அது தெரியுது. அதுக்கு முன்னாடி?"

"ரொட்டி வேன் ஓட்டினேங்க."

பெரியவன் தம்பியின் தோளை இறுகப் பிடித்தான். "அப்பாவுக்கு ரொட்டின்னா உசுருடா!"

சின்னவன் கல்லண்ணனின் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து பார்த்தான். "மூக்கப் பாருண்ணே. அப்பா மூக்கு அப்படியே."

"மூக்குல கண்ணாடி உக்காந்து தடம் விழுந்திருக்குங்க, அவ்வளவுதான்" என்றார் கல்லண்ணன்.

"பெத்த புள்ளைங்க எங்களுக்கே கண்ணு கலங்கலை. உங்களுக்கு எதுக்குக் கலங்கணும்? பங்கு கேட்டு வருவீங்களா, மாட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

கல்லண்ணன் கண்ணாடியைக் கழற்றி, எதிர்த்தாற்போல் நின்ற காரைக் காட்டி, தெறிக்கிற வெளிச்சத்தைப் பற்றியும் பத்திரிகை இல்லாதவனை விடாத மாமாவைப் பற்றியும் விளக்கினார். மகன்கள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். கடைசியில் பெரியவன் தம்பியின் காதில், "யாரோ மாமாவாம். எங்கயும் பத்திரிகை வைக்கலைங்கிறார்டா. கல்யாணம் ரகசியமா நடந்திருக்கு" என்றான்.

அந்தச் செய்தி எப்படியோ வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. கல்லண்ணன் கதவைத் திறந்தபோது மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தார். அழவில்லை. அதைப் பார்த்ததும் கல்லண்ணன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கேள்விப்பட்டேன்."

"என்ன?"

"எங்கம்மா போனாங்களே, ஞாபகம் இருக்கா? வீடே தலையில அடிச்சுக்கிட்டு அழுதுச்சு. நீங்க என்ன பண்ணினீங்க? 'டீ ஆறுது, டீ ஆறுது'ன்னு ஆளாளுக்கு டம்ளர் நீட்டிக்கிட்டு இருந்தீங்க!"

"யாரும் ஒண்ணும் சாப்பிடலையே, அதான்…"

"ஒரு சொட்டு! ஒரே ஒரு சொட்டு விட்டிருந்தா என் நெஞ்சு ஆறியிருக்கும். உங்களுக்குக் கண்ணுல தண்ணியே கிடையாதுன்னு நெனைச்சு இத்தனை நாள் மனசத் தேத்திக்கிட்டேன். இப்பத்தானே தெரியுது! ஊர்ல இருக்கிற மரக்கடைக்காரனுக்கெல்லாம் தோள்ல சாஞ்சு அழறீங்களாம். எங்கம்மா என்ன பாவம் பண்ணினாங்க?"

இப்போது அழுகை வந்தது. அணை உடைந்ததுபோல வந்தது. கல்லண்ணன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "பாரு, காஞ்சு கெடக்கு. நான் எங்க அழுதேன்?"

மனைவி அதை முகர்ந்து பார்த்தார். "துவைச்சுட்டு வந்திருக்கீங்க!"

கல்லண்ணன் மச்சினனை வரவழைத்துச் சாட்சி சொல்ல வைத்தார். "அக்கா, அது வெளிச்சம் சம்பந்தப்பட்ட விஷயம்" என்று அவன் தொடங்கினான். "நீயும் அவரோட கூட்டா?" என்ற ஒரே கேள்வியில் அவன் கடைக்குத் திரும்பிவிட்டான். அன்றிலிருந்து கல்லண்ணனுக்குத் தட்டு மட்டும் வரும். பேச்சு வராது. சோறு போடும் சத்தம் கேட்டால் 'சாப்பிடுங்க' என்று அர்த்தம். கரண்டியை வைக்கும் சத்தம் கேட்டால் 'போதும்' என்று அர்த்தம். அழாத பாவத்துக்கு ஒரு தண்டனை, அழுத பாவத்துக்கு இன்னொரு தண்டனை. இரண்டையும் ஒரே மனிதன் அனுபவித்த கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

இந்த நிலையில்தான் பஸ் கம்பெனி முதலாளி காலமானார். பெரிய வீடு, பெரிய கூட்டம். "பணம் பெரிசில்லை, அந்த அழுகிற டிரைவர் வரணும்" என்று அவருடைய தங்கைகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து மகன் வரும் விமானம் தாமதமாகி, ஊர்வலம் கிளம்பும்போது சூரியன் விழுந்துவிட்டது. வானத்தில் சாம்பல் நிறம்தான் மிச்சம். கல்லண்ணன் கூலிங் கிளாஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். முதலாளியம்மா ஜன்னலுக்கு வந்தார். ஊர்வலத்துக்கு முன்பே தன் காரில் மயானத்துக்குப் போய்க் காத்திருப்பது அவர் வழக்கம்.

"எடுத்து மாட்டு."

"வெயில் இல்லையேம்மா. இந்த நேரத்துல போட்டா ரோடு தெரியாது. மச்சினன்…"

"உன் மச்சினனா சம்பளம் தர்றான்? அவங்க கேட்டதே உன் கண்ணாடியத்தான். மெதுவா உருட்டிக்கிட்டு வா. மயான வாசல்ல நீ கண்ணாடி இல்லாம, உன் வறண்ட முழியோட வந்து எறங்கினே, அங்கயே சாவிய வாங்கிடுவேன். சொல்லிட்டேன்."

மாட்டினார். உலகம் அணைந்தது.

பக்கத்து இருக்கையில் செத்தவரின் மனைவி ஏறி உட்கார்ந்தார். மிக நெருங்கிய உறவு ஒருவர் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருவது கம்பெனி வழக்கம். வயதானவர். மடியில் ஒரு கைப்பை, அதன்மேல் கோத்த கைகள். வண்டி நகர்ந்தது. முன்னால் நடப்பவர்கள் பெரும்பாலும் கறுப்பு உடையில் இருந்தார்கள். ரோடும் கறுப்பு, மாலையும் கறுப்பு. கல்லண்ணன் தலையைச் சாய்த்தார். எண் தெரிந்தது, மனிதர்கள் தெரியவில்லை. நிமிர்த்தினார், இரண்டும் தெரியவில்லை. வண்டி சரிவில் இறங்கத் தொடங்கியது. பெட்டி முன்னோக்கிச் சற்று அசைந்தது. எங்கேயோ ஒரு பெண் குரல், "பாப்பா, ஓரமா வா!" என்று கூப்பிட்டது.

பாப்பா எந்தப் பக்கம்? தெரியவில்லை.

சாவி போனால் போகட்டும் என்று கண்ணாடியைப் பிடுங்கி டேஷ்போர்டின் மேல் வீசினார். சாம்பல் வெளிச்சத்தில் ரோடு திரும்ப வந்தது. சரியாக வண்டியின் மூக்குக்கு முன்னால், ஒரு சின்னப் பெண் தன் பாவாடையைச் சரிசெய்துகொண்டு நின்றிருந்தாள். பூப்போலப் பிரேக்கை மிதித்தார். பெட்டி தட்டவில்லை. தாய் வந்து பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள். கல்லண்ணன் நீளமாக மூச்சு விட்டார்.

"நீங்க அழலையா தம்பி?" என்றார் பக்கத்திலிருந்த அம்மா.

பொய் சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை. "இல்லீங்கம்மா. எனக்கு ஐயாவத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் வராது. எனக்கு அழுகையே வராதும்மா. வெயில்ல கண்ணு கூசும், அதுக்காகப் போட்ட கண்ணாடி இது. ஜனங்க அதுக்குப் பின்னாடி கண்ணீர் இருக்குன்னு அவங்களாவே நெனைச்சுக்கிட்டாங்க."

"அப்ப தலைய சாய்க்கிறது?"

"அது வேகம் பாக்கிறதுக்கு."

அந்த அம்மா கைப்பையை மடியில் நேராக்கி வைத்தார். தன்னை மோசம் செய்ததாக இப்போது கத்தப் போகிறார் என்று கல்லண்ணன் காத்திருந்தார்.

"எனக்கும் வரலை தம்பி" என்றார் அவர். "காலையிலேர்ந்து முயற்சி பண்றேன். நல்ல மனுஷன்தான். ஆனா படுக்கையில கெடந்தப்பவே தினம் தினம் அழுது தீத்துட்டேன். போனப்ப 'அப்பாடா, உங்க வலி தீந்துச்சு'ன்னுதான் தோணுச்சு. அத வெளிய சொல்ல முடியுமா? வாசல்ல என் நாத்தனாருங்க நிப்பாளுங்க, கண்ணுல தண்ணி இருக்கான்னு பாக்கிறதுக்குன்னே. பெரியவ காலையிலயே கேட்டா, 'அண்ணிக்குத் தைரியம் ஜாஸ்தி'ன்னு. இன்னும் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவா." அவர் டேஷ்போர்டில் கிடந்த கண்ணாடியைப் பார்த்தார். "நிஜமாவே அத மாட்டினா அழற மாதிரிதான் தெரியுமா?"

"ஊரே நம்பிடுச்சும்மா. என் பொண்டாட்டி உட்பட."

"குடுங்க."

"அம்மா, இருட்டுல ஒண்ணுமே தெரியாது."

"எனக்கு அங்க யாரையும் பாக்கவும் வேண்டாம்."

மயான வாசலில் வண்டி நின்றது. முதலாளியம்மா விறுவிறுவென்று வந்தார். விளக்குக் கம்பத்தின் வெளிச்சம் கல்லண்ணனின் வெறும் முகத்தில் விழுந்தது. எலும்பு போலக் காய்ந்த கண்கள்.

"கண்ணாடி எங்கய்யா?"

"குடுத்துட்டேம்மா."

முதலாளியம்மா உள்ளங்கையை விரித்து நீட்டினார். கல்லண்ணன் சாவியை எடுத்தார். எத்தனை பேரைப் பூ நழுவாமல் கொண்டுவந்து சேர்த்த சாவி! விரல்கள் ஒருகணம் அதை விட மறுத்தன. பிறகு அவர் கையில் வைத்தார்.

அந்த நேரத்தில் மறுபக்கக் கதவு திறந்தது. கறுப்புக் கண்ணாடியோடு அந்த அம்மா இறங்கினார். கூட்டம் "அய்யோ!" என்று ஒரே குரலில் பெருமூச்சு விட்டது. அவர் தலையை இடது தோள்பக்கம் சாய்த்தார், கல்லண்ணன் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டபடியே. நாத்தனார்மார் மூவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "பாவம், அண்ணி உள்ளுக்குள்ளயே உருகிட்டா" என்றாள் காலையில் கேள்வி கேட்ட அதே பெரியவள். இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

அந்த அம்மாவும் இரண்டு கையையும் விரித்தார். பெரிய நாத்தனாரை நோக்கித்தான் கிளம்பினார். போகிற வழி கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கிவிட்டது. நேராகப் போய் மயான வாசலின் கல்தூணைக் கட்டிப்பிடித்தார். தூணின் மேல் கன்னத்தை வைத்து, அதன் முதுகில் மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

கூட்டம் கதறியது. "தூணையே அவரா நெனைச்சுக் கட்டிக்கிட்டாளே!" என்று ஒருவர் மார்பில் அறைந்துகொண்டார்.

அவர் விழுந்துவிடப் போகிறார் என்று கல்லண்ணன் ஓடிப்போய் முழங்கையைப் பிடித்தார். "அம்மா, நான்தான், டிரைவர்."

"தம்பி," என்றார் அந்த அம்மா, உதடு அசையாமல், "இது என் நாத்தனார் இல்லையே? அவ இவ்வளவு ஒல்லி இல்லையே?"

"தூணும்மா."

"அதான் பாத்தேன். கட்டிப் பிடிச்சதும் ஒரு குத்தமும் சொல்லாம இருந்துச்சு."

கல்லண்ணனின் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. அடக்கினார். தோள் குலுங்கியது. உதட்டைக் கடித்தார். மூக்கு வழியாக ஒரு சத்தம் வெளியே வந்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அந்தத் தூணின் மறுபக்கத்தில் சாய்ந்தார். உடம்பு முழுக்க அதிர அதிரக் குலுங்கினார். பிறந்ததிலிருந்து வராத ஒன்று, தாய்க்கு வராதது, மாமியாருக்கு வராதது, அவர் விரல் இடுக்குகள் வழியாகக் கொட்டியது. சொட்டுச் சொட்டாக இல்லை, தாரை தாரையாக.

அந்த அம்மாவின் தோள்களும் குலுங்கின. இருவரும் தூணின் இரண்டு பக்கமும் தலையை முட்டிக்கொண்டு நின்றார்கள். பெரிய நாத்தனார் ஓடிவந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு உண்மையிலேயே அழத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் மற்ற இரண்டு பேர், பிறகு மகன், பிறகு பஸ் கம்பெனியின் நடத்துநர்கள் எல்லாரும்.

முதலாளியம்மா அருகில் வந்து குனிந்து பார்த்தார். கண்ணாடி இல்லை, மறைப்பு இல்லை. விளக்கு வெளிச்சத்தில் கல்லண்ணனின் முகம் தாடைவரை நனைந்திருந்தது. இத்தனை நாள் பழகிய மனிதரை முதல்முதலாகப் பார்ப்பதுபோல அவர் பார்த்தார். அவருடைய கண்ணும் கலங்கிவிட்டது.

"மன்னிச்சிடுய்யா கல்லு" என்று தழுதழுத்துக்கொண்டே, சாவியை அவர் சட்டைப்பையில் திரும்பப் போட்டு, மேலே இரண்டு தட்டுத் தட்டினார்.

பதில் சொல்லக் கல்லண்ணனால் வாய் திறக்க முடியவில்லை. திறந்தால் சிரித்துவிடுவார்.